முன்செரிக்கப்பட்ட புரதப் பொடி முதியவர்களுக்கு நல்லதா?

நோயிலிருந்து மீண்ட பிறகும் உடல் தேறாத உங்கள் தந்தையாருக்கு, முன்செரிக்கப்பட்ட புரதப் பொடி கொடுத்தால் விரைவில் சத்துப் பிடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். செரிமானத்தில் கோளாறு இருப்பதாக மருத்துவர் கண்டறிந்தாலொழிய, சாதாரணப் பாலும் முட்டையும் பருப்பும் தராத எதையும் அது தந்துவிடாது என்பதே, மருத்துவமனை உணவியல் பிரிவில் பணிபுரியும் என் கருத்து.

இந்தப் பொடிகளில், பெரும்பாலும் பால் புரதம், நொதிகளால் அமினோ அமிலங்களாகவும், அவை சில சேர்ந்த சிறு துண்டுகளான பெப்டைடுகளாகவும் முன்கூட்டியே உடைக்கப்பட்டிருக்கும். நம் வயிறும் கணையமும் சிறுகுடலும் அன்றாடம் செய்வதும் இதைத்தான். அதிலும் கணையத்தின் சுரப்புத் திறன் நம் தேவையைவிடப் பல மடங்கு அதிகம்; அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிய பிறகே கொழுப்பு செரிக்காமல் மலத்தோடு வெளியேறத் தொடங்குகிறது. உடல் மெலிந்திருப்பதால் செரிமானமும் நலிந்திருக்கும் என்று கொள்வது தவறு.

1945இல், ஜெர்மனியில் நாஜிகள் நடத்திய பெல்சன் வதைமுகாமில் பட்டினியால் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தவர்களுக்கு இத்தகைய புரதக் கரைசல்தான் ஏற்றது என்று நம்பி, ஜேனட் வாகன் என்ற மருத்துவர் அடங்கிய குழு அதைக் கொண்டுசென்றது. அதன் சுவையை அவர்களால் சகிக்க முடியவில்லை. ஊசி மூலம் ஏற்ற முயன்றால், ஊசி என்றாலே அஞ்சி நடுங்கினார்கள். கொழுப்பு நீக்கிய பாலை அடிக்கடி சிறிது சிறிதாகக் கொடுத்ததே பலன் தந்தது. அந்தச் சுவைக்குக் காரணம், புரதம் உடையும்போது அதனுள் மடங்கிக் கிடந்த பகுதிகள் வெளிப்பட்டு நாவில் கசப்பதுதான். இன்றும் டப்பாவைத் திறந்ததும் எழும் வாடைக்கே முகம் சுளிக்கும் நோயாளிகளைப் பார்க்கிறேன்.

உண்மையாகவே தேவைப்படுவோர் இருக்கிறார்கள். பசும்பால் ஒவ்வாமை உள்ள, தாய்ப்பால் கிடைக்காத குழந்தைக்கு, பெருமளவு உடைக்கப்பட்ட புரதம் கொண்ட பால்மாவு இன்றியமையாதது (பகுதியளவு மட்டுமே உடைக்கப்பட்ட வகையை அக்குழந்தைக்குத் தரவே கூடாது). குடலின் பெரும்பகுதி அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்டவர்களிலும் சிலருக்கு, எஞ்சிய குடல் சிறு பெப்டைடுகளை எளிதாக ஈர்த்துக்கொள்வதால் இது கைகொடுக்கிறது. ஆனால் அடர்த்தியாகவும் வேகமாகவும் கொடுத்தால், குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றுப்போக்கை உண்டாக்கும்.

உங்கள் தந்தையாருக்குப் பல்வலியோ, விழுங்குவதில் சிரமமோ, மருந்தினால் பசியின்மையோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எடை தொடர்ந்து குறைந்து, மலமும் எண்ணெய்ப் பசையோடு போனால், மலத்தில் எலாஸ்டேஸ் (கணையம் சுரக்கும் ஒரு நொதி) அளவைப் பரிசோதிக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கணையக் குறைபாடு உறுதியானால்கூட, வழக்கமாக முதலில் பரிந்துரைக்கப்படுவது சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கும் நொதி மாத்திரைதான்.