பதில்: போர் தண்ணில வெள்ளை யூனிஃபார்ம் மங்கிப் போகுது

சகோ, பார் சோப்பு எவ்ளோ தேய்ச்சாலும் நுரை வரல, பையனோட வெள்ளை சட்டை சாம்பல் கலராகி மொறமொறன்னு இருக்குன்னு கேட்டிருந்தீங்க. சட்டைல இருக்கறது வெறும் அழுக்கு இல்லங்க, போர் தண்ணில இருக்கற கால்சியம், மெக்னீசியம் சோப்போட சேர்ந்து கரையாத பிசுக்கா மாறி துணியிலயே ஒட்டிக்கும், அது மேல அழுக்கு பிடிக்கும், நீங்க இன்னும் சோப்பு போட்டா இன்னும் பிசுக்குதான் சேரும்.

முதல்ல ஒரு பக்கெட் வெதுவெதுப்பான தண்ணில அரை கப் வெள்ளை வினிகர் ஊத்தி அரை மணி நேரம் ஊற வச்சு நல்லா அலசுங்க. தயவுசெஞ்சு ப்ளீச்சை மட்டும் இதோட சேர்த்துடாதீங்க, குளோரின் கேஸ் வரும், மூச்சுக்கு ரொம்ப ஆபத்து.

அப்புறம் பார் சோப்பை விட்டுட்டு டிடர்ஜென்ட் பவுடருக்கு மாறுங்க, அது உப்புத் தண்ணில சோப்பு மாதிரி சீக்கிரம் திரியாது. தண்ணி ரொம்ப கடினம்னா பவுடர் போடறதுக்கு முன்னாடி ஒரு ஸ்பூன் சலவை சோடாவை கரைச்சுக்கோங்க (ஆப்ப சோடா இல்ல, அது வேற). பட்டு, கம்பளிக்கு மட்டும் சோடா வேண்டாம். நீலம் போட்டா வெள்ளையா தெரியும், ஆனா பிசுக்கு போகாது.