நாற்பது கோர் கேட்டவருக்கு மூன்று நாள் பந்தி

கேள்வி: சேலத்தில் இயற்பியல் பிஎச்டி செய்கிறேன். பல்கலைக்கழகத்தின் பொது கிளஸ்டரில் (பல கணினிகளைச் சேர்த்துக் கட்டிய பெரிய கணினி) வெள்ளிக்கிழமை போட்ட ஜாப் (ஓட்டக் கொடுத்த கணக்கு) திங்கட்கிழமையும் 'பெண்டிங்'கிலேயே நிற்கிறது. பக்கத்து லேப் பையன் ஞாயிறு இரவு போட்டான், காலையில் ரிசல்ட்டோடு டீ குடிக்க வந்துவிட்டான். ஆள் பார்த்துத்தான் விடுகிறார்களா சார்? ஸ்கிரிப்ட்டும் (என்ன ஓட்ட வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் கோப்பு) இணைத்திருக்கிறேன்.
– பெயர் வேண்டாம், அஸ்தம்பட்டி

பதில்: கோபம் புரிகிறது தம்பி. ஆனால் அங்கே வரிசையைக் கவனிப்பது ஸ்லர்ம் என்ற மென்பொருள். அதற்கு உங்கள் கைடையும் தெரியாது, அந்தப் பையனின் கைடையும் தெரியாது. எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள், உங்கள் கணக்கில் சமீபத்தில் எவ்வளவு ஓட்டியிருக்கிறீர்கள் (நிறைய ஓட்டியிருந்தால் முன்னுரிமை கொஞ்சம் இறங்கும்), அப்புறம் என்ன கேட்டிருக்கிறீர்கள், இதெல்லாம்தான் அதன் கணக்கு. உங்கள் வம்பு கடைசி விஷயத்தில் இருக்கிறது. 40 கோர் (சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி), 180 ஜிபி நினைவகம், 7 நாள் என்று ஸ்கிரிப்டில் எழுதியிருக்கிறீர்கள்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேராக வந்து, உட்கார்ந்தால் எல்லோரும் ஒரே வரிசையில்தான் என்கிறீர்கள். சரி என்று மண்டபத்துக்காரர் காலியாகிற இலைகளை உங்களுக்காகப் பிடித்து வைக்கிறார். நடுவில் ஒற்றை ஆள் ஒருவர் வந்து, "பத்து நிமிஷத்தில் எழுந்துவிடுவேன்" என்கிறார். உங்கள் நாற்பதாவது இலை கிடைக்க இன்னும் இருபது நிமிஷம் ஆகும் என்றால், அவரை உட்கார வைப்பதில் உங்களுக்கு என்ன நஷ்டம்? ஸ்லர்ம் இதையேதான் செய்கிறது, பேக்ஃபில் என்று பெயர். பக்கத்து லேப் பையன் நாலு கோர், ஆறு மணி நேரம் என்று கேட்டிருப்பான், இடுக்கில் நுழைந்துவிட்டான்.

உங்களுக்கு நிஜமாகவே நாற்பது பேர் சொந்தமா, அதாவது நாற்பது கோரும் தேவையா என்று முதலில் பாருங்கள். ஏற்கெனவே ஓடி முடிந்த ஒரு ஜாப்பின் எண்ணோடு 'செஃப்' கட்டளையைத் தட்டுங்கள் (எஸ், ஈ, இரண்டு எஃப், பல கிளஸ்டர்களில் இருக்கும்). சிபியு எஃபிஷியன்ஸி 2.5 சதவீதம் என்று வந்தால், 40 கோரில் ஒன்று மட்டும் உழைத்தது, மற்ற 39 உங்கள் பெயரில் சும்மா உட்கார்ந்திருந்தன என்று அர்த்தம். சாதாரணமாக எழுதிய பைத்தான் நிரல்களில் இதுதான் நடக்கும், கோர் கொடுத்தால் தானாகப் பிரித்துக்கொள்ளும் என்று நினைத்துவிடுகிறோம்.

நிரல் உண்மையிலேயே பிரிந்து ஓடுகிறது என்றாலும் ஓர் எல்லை இருக்கிறது. வேலையில் 90 சதவீதத்தைத்தான் பிரிக்க முடியும், மீதி 10 ஒற்றைக் கோரில்தான் ஓடும் என்று வையுங்கள். 8 கோரில் 4.7 மடங்கு வேகம் வரும், 40 கோரில் வெறும் 8.2 மடங்கு, ஆயிரம் கொடுத்தாலும் பத்து மடங்கைத் தொடாது. ஆம்டால் என்ற கணினி வடிவமைப்பாளர் 1967-லேயே சொன்ன கணக்கு இது. அதனால் சின்ன மாதிரி ஒன்றை 1, 4, 8, 16 கோரில் ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொண்டு, எங்கே பலன் தேய்கிறதோ அங்கே நிறுத்துங்கள். நேரமும் அப்படித்தான், 20 மணி பிடித்தால் 26 மணி கேளுங்கள், ஏழு நாள் எதற்கு? ஆனால் ரொம்பக் குறைத்தும் கேட்காதீர்கள், கேட்ட நேரம் தீர்ந்தால் ஈவிரக்கமில்லாமல் வெட்டிவிடும்.

கேள்வி: ஏற்காட்டில் வீடு, மலை மழையைப் பற்றி ஆராய்ச்சி. இங்கே மழை வந்தால் நெட் போகும், நெட் போனால் கிளஸ்டரில் ஓடிக்கொண்டிருந்த என் நிரலும் நின்றுவிடுகிறது. போதாக்குறைக்கு 'லாகின் நோடில் ஓட்டாதீர்கள்' என்று அட்மின் மெயில் வேறு.
– ஆராய்ச்சி மாணவி, ஏற்காடு

பதில்: இரண்டும் ஒரே வியாதிதான். உள்ளே நுழைந்ததும் நிற்கிற இடம் லாகின் நோட், எல்லோருக்கும் பொதுவான திண்ணை. கோப்பைத் திருத்த, ஜாப் போட, எட்டிப் பார்க்க மட்டும். அங்கே நேரடியாக ஓட்டுவதால்தான் நெட் போனதும் நிரலும் நிற்கிறது. நானும் மாணவனாக இருந்தபோது இரவோடு இரவாக அங்கே ஒரு பெரிய கணக்கை ஓட்டிவிட்டு, காலையில் இருபது பேர் ஒரு எழுத்து அடித்தால் திரையில் வர அரை நிமிஷம் ஆகிறது என்று அட்மின் அறை வாசலில் நிற்பதைப் பார்த்தவன். யார் என்று கேட்டபோது நானும் சேர்ந்து தேடினேன்.

நிரலை ஸ்கிரிப்டில் வைத்து 'எஸ்பேட்ச்' (ஜாப்பை வரிசையில் சேர்க்கும் கட்டளை) கொடுத்துவிட்டால் அது கம்ப்யூட் நோடில் (கணக்கு ஓட்டவென்றே உள்ள கணினி) தன்பாட்டில் ஓடும், நெட் போகட்டும், லேப்டாப்பையே மூடிவிட்டுத் தூங்குங்கள். மழை நின்றதும் 'எஸ்க்யூ' (வரிசையைக் காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தால் போதும். நாள்கணக்கில் ஓடும் மாடல் என்றால் சில மணிக்கு ஒருமுறை நிலையைக் கோப்பில் சேமிக்கச் சொல்லுங்கள், வெட்டுப்பட்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கேள்வி: கிளஸ்டரில் ஸ்கிராட்ச் என்ற தற்காலிக இடத்தில் வைத்திருந்த கோப்புகளைக் காணோம். மீட்க முடியுமா? – சூரமங்கலம்

பதில்: அநேகமாக முடியாது. அது வேலை நடக்கும்போது இறக்கி வைக்கும் இடம். நாள்பட்டதைத் தானாக அழிப்பார்கள், பேக்கப் பொதுவாக இருக்காது. கணக்குத் திறந்தபோது வந்த மெயிலில் எத்தனை நாள் என்று இருக்கும், தேடிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் கிளஸ்டரே இல்லை. என்ன வழி? – ஆத்தூர்

பதில்: ஆத்தூரிலிருந்து திருச்சி எவ்வளவு தூரம்? அங்கே என்ஐடியில் (தேசியத் தொழில்நுட்பக் கழகம்) 'பரம் பொருள்' என்ற சூப்பர்கம்ப்யூட்டர் இருக்கிறது, தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டத்தில் 2022 மே மாதம் தொடங்கியது, 838 டெராஃப்ளாப்ஸ் திறன் (ஒரு டெராஃப்ளாப்ஸ் என்றால் நொடிக்கு லட்சம் கோடி கணக்குகள்). பெயரைச் சொன்னால் பாட்டிகூடக் கையெடுத்துக் கும்பிடுவார். அதற்கு நீங்கள் திருச்சி போக வேண்டியதும் இல்லை, கைடு மூலமாக எழுதி வெளியாட்களுக்கு என்ன விதி என்று கேளுங்கள். எங்கே விண்ணப்பித்தாலும் எத்தனை கோர்-மணி வேண்டும் என்று கேட்பார்கள். ஒரு ஓட்டத்துக்கு 8 கோர், 30 மணி, மொத்தம் 50 ஓட்டம் என்றால் 12,000. இந்த 8-உம் 30-உம் எங்கிருந்து வந்தன என்பதற்கு லேப் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்த சின்ன மாதிரியின் நேரங்களையும் கூடவே வைத்து அனுப்புங்கள்.