உபுண்டுவில் டி டிரைவ் எங்கே?
சாட்ஸ்வொர்த் தமிழ் வகுப்புக் கணினியில் உபுண்டு போட்டிருக்கிறீர்கள்; பென் டிரைவில் உள்ள தேவாரப் பதிவுகளைத் திறக்க விண்டோஸில் இருப்பதுபோல் டி டிரைவைத் தேடுகிறீர்கள். நம் தென்னாப்பிரிக்காவின் மார்க் ஷட்டில்வொர்த் 2004-இல் தொடங்கிய உபுண்டு, லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஒரு வகை. அதில் டிரைவ் எழுத்துகளே கிடையாது. எல்லாக் கோப்புறைகளும் "/" என்ற ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன. பென் டிரைவும் /மீடியாவுக்குள் (/media), உங்கள் பயனர் பெயருக்குக் கீழே, ஒரு கோப்புறையாக வந்து சேரும். இதுதான் மவுண்ட். பிடுங்கும் முன் அன்மவுண்ட் செய்துவிடுங்கள், அதாவது அந்த இணைப்பை முறையாக விடுவியுங்கள். எழுத வேண்டிய தகவல் இன்னும் கணினியின் நினைவகத்திலேயே நின்றிருக்கலாம். அவசரப்பட்டால் பதிவு கெட்டுப்போகும்.

உங்களுக்கு முக்கியமான இடம் /ஹோம் (/home). பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கணக்கு கொடுங்கள். ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு கோப்புறை உருவாகும், ஒருவர் வேலையை இன்னொருவர் அழிக்க முடியாது. நகல் எடுக்கும்போது புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புகளையும் விட்டுவிடாதீர்கள். செயலிகளுக்கு நீங்கள் செய்த அமைப்புகள் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும்.

அப்புறம், /எட்சி-யில் (/etc) முழுக் கணினிக்குமான அமைப்புகள், /யூஎஸ்ஆர்-இல் (/usr) நிரல்கள். அவற்றை மாற்ற நிர்வாகி அனுமதி வேண்டும். கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், தாராளமாக வையுங்கள்.