ஹைட்ரஜன் நீக்கம்: கேட்டதும் சொன்னதும்

பொருள்களிலிருந்து ஹைட்ரஜன் எப்படிப் பிரிகிறது என்பதுதான் இந்த முறை பேச்சு. பதில் சொல்பவர் ராமநாதபுரத்தில் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியர்.

கீழக்கரை, பிளஸ் டூ மாணவி: சூடான தாமிரத்தின் மேல் ஆல்கஹால் ஆவியை விட்டால் ஓரிணையம், ஈரிணையத்தில் ஹைட்ரஜன் போகிறது, மூவிணையத்தில் மட்டும் தண்ணீர் போகிறது. ஏன் சார்?

ஆல்கஹாலில் ஓஎச், அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி, ஒட்டியிருக்கும் கார்பனைப் பாரும்மா. அதோடு வேறு எத்தனை கார்பன் இணைந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் ஓரிணையம், ஈரிணையம், மூவிணையம் என்கிறோம். ஓஎச்-இல் இருந்து ஒரு ஹைட்ரஜன், அந்தக் கார்பனில் இருந்து ஒன்று, இரண்டும் சேர்ந்துதான் வெளியேற முடியும். மூவிணையத்தில் அந்தக் கார்பனில் ஹைட்ரஜனே கிடையாது. அதனால் பக்கத்துக் கார்பனின் ஹைட்ரஜன் ஓஎச்-ஓடு தண்ணீராகப் போய்விடுகிறது, கார்பன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்புள்ள ஆல்கீன் மிஞ்சுகிறது. வெப்பநிலை 573 கெல்வின், அதாவது 300 டிகிரி செல்சியஸ். அலகில் கோட்டை விடாதே.

பாம்பன், படகு கட்டுபவர்: பைபர் படகுக்கு ரெசின் பூசும்போது மூக்கைத் துளைக்கிற வாடைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டாமே அண்ணே?

நேரடி சம்பந்தம் தம்பி. அந்த வாடை ஸ்டைரீன். எத்தில் பென்சீன் ஆவியை நீராவியோடு கலந்து, ஏறத்தாழ 600 டிகிரியில், பொட்டாசியம் சேர்த்த இரும்பு ஆக்சைடு மேல் செலுத்துவார்கள். மூலக்கூறின் வாலில் இருக்கும் இரண்டு கார்பனும் ஆளுக்கொரு ஹைட்ரஜனை இழந்து, தங்களுக்குள் இரட்டைப் பிணைப்புப் போட்டுக்கொள்ளும். நீங்கள் ஹார்டனர் ஊற்றியதும் ரெசினோடு கோர்த்துக்கொண்டு இறுகுவது அந்தப் பிணைப்புதான்.

நீராவி எதற்கு? இந்த வினை வெப்பத்தை உறிஞ்சும், அதை நீராவி கொடுக்கிறது. ஒரு மூலக்கூறு இரண்டாகப் பிரிவதால் ஆவி நீர்த்திருந்தால்தான் வினை முன்னோக்கி நகரும். வினையூக்கியான அந்த இரும்பு ஆக்சைடு மேல் படியும் கரியையும் நீராவியே அகற்றிவிடும். மீன் வைக்கிற தெர்மாகோல் பெட்டியும் இதே ஸ்டைரீனில் பிறந்ததுதான். அப்புறம், ரெசின் வேலையை அடைத்த கொட்டகைக்குள் செய்யாதீர்கள்.

மண்டபம்: பிரிந்த ஹைட்ரஜனை என்ன செய்வார்கள்?

பிடித்து அங்கேயே எரிபொருளாக்குவார்கள், இல்லை வேறு வினைக்கு அனுப்புவார்கள்.

தங்கச்சிமடம்: 600 டிகிரி கேட்கிற வேலை உடம்பில் 37 டிகிரியில் எப்படி நடக்கிறது?

நல்ல கேள்வி. ஈரலில் உள்ள நொதி ஹைட்ரஜனைத் தனி வாயுவாக விடுவதில்லை, என்ஏடி என்ற மூலக்கூறிடம் கைமாற்றிவிடுகிறது. அதனால்தான் அவ்வளவு சூடு தேவையில்லை. சாராயத்தின் எத்தனால் இப்படித்தான் அசிட்டால்டிஹைடு ஆகிறது. மெத்தனால் வந்தாலும் அந்த நொதி அதே வேலையைச் செய்து பார்மால்டிஹைடு ஆக்கிவிடும், அது பார்மிக் அமிலமாகிக் கண்ணைப் பறிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் உயிர்களைக் குடித்தது மெத்தனால்தான். மருத்துவமனையில் போமெபிசோல் என்ற மருந்தைக் கொடுத்து நொதியை முடக்குவார்கள். அது இல்லாத இடத்தில் எத்தனாலையே அளந்து கொடுப்பதும் உண்டு, நொதி அதில் மும்முரமாகிவிடும். இதை யாரும் வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம்.

தொண்டி: நன்றாகக் காய்ந்த சாளைக் கருவாடும் மஞ்சளித்துச் சிக்கு வாடை அடிக்கிறதே, ஏன்?

காயவைத்தால் தண்ணீர் மட்டும்தான் போகும், கொழுப்பு அப்படியே இருக்கும். சாளைக் கொழுப்பில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய. இரண்டு இரட்டைப் பிணைப்புக்கு நடுவே உள்ள கார்பனின் ஹைட்ரஜன் பிடிப்பில்லாமல் இருப்பதால், தனி உறுப்பு (ஜோடி சேராத எலக்ட்ரான் உள்ள துடிப்பான மூலக்கூறுத் துண்டு) ஒன்று அதைச் சுலபமாகப் பறித்துவிடும். காலியான இடத்தில் ஆக்சிஜன் ஏறும், அது அடுத்த மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பறிக்கும், இப்படியே சங்கிலியாக ஓடும். உப்பு கிருமியைத் தடுக்கும், இதைத் தடுக்காது. காய்ந்ததும் வெயிலில் விட்டுவைக்காமல், காற்றுப் புகாமல் கட்டி நிழலில் வையுங்கள்.