80களின் ஜெப்பர்டியில் தோற்றவருக்குப் பணம் உண்டா?

வணக்கம். ஈசூன் சமூக மன்றத் தீபாவளி ஒன்றுகூடலில் 80கள் பாணியில் ‘ஜெப்பர்டி’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி வினாடி வினாவை நடத்தப் போகிறீர்கள். சேர்த்த தொகைக்கு ஏற்பப் போட்டியாளர்கள் மூவருக்கும் பரிசுப் பற்றுச்சீட்டா, முதல் ஆளுக்கு மட்டுமா என்று குழுவில் சண்டை என எழுதியிருந்தீர்கள். இரண்டு கட்சியும் சரிதான், பேசுவதுதான் வேறு வேறு காலம்.

1964இல் ஆர்ட் ஃபிளெமிங் நடத்தத் தொடங்கியபோது மூவருமே சேர்த்ததை எடுத்துப் போனார்கள். வேண்டிய தொகை தேறியதும் சிலர் மணியைத் தொடாமல் சும்மா நின்றுவிடுவார்கள். பார்ப்பவர்களுக்கு எப்படி இருக்கும்! 1984இல் அலெக்ஸ் டிரெபெக்கோடு நிகழ்ச்சி திரும்பியபோது, பணம் வென்றவருக்கு மட்டும், மற்றவர்களுக்கு ஆறுதல் பரிசு என்றாகிவிட்டது. உங்களுக்கு இதுதான் பொருந்தும். சமநிலையில் முடிந்தால் இருவருக்கும் முழுத்தொகை, அதற்கும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

திரைக்கு வருவோம். ஃபிளெமிங் காலத்தில் பலகையில் தொகை எழுதிய அட்டையை இழுத்தால் பின்னால் அச்சிட்ட கேள்விக் குறிப்பு தெரியும். 1984இல் அங்கே 30 தொலைக்காட்சிப் பெட்டிகள் வந்தன. அதனால் ஸ்லைடில் கட்டங்களுக்கு நடுவே தடித்த கறுப்பு இடைவெளி விடுங்கள். ஒட்டி வைத்தால் எக்செல் தாள்தான். குறிப்புக்கு நீலப் பின்னணி, வெள்ளை எழுத்து, கறுப்பு நிழல். அவர்கள் பயன்படுத்திய கொரின்னா எழுத்துருவில் தமிழ் கிடையாது, முனை உருண்ட தடித்த எழுத்துரு எதுவும் போதும்.

அப்புறம், கட்டங்களின் தொகை முதல் சுற்றில் 100 முதல் 500 வரை, இரண்டாவதில் இரட்டிப்பு. 200இல் தொடங்குவது 2001 கடைசியில்தான் வந்தது.