எழுப்பிவிடும் மின் நாற்காலி: விலையைக் கேட்பதற்கு முன் அளவு நாடாவை எடுங்கள்

கேள்வி: என் தாயாருக்கு வயது 78, உயரம் 148 செண்டிமீட்டர். இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் இருப்பதால், சோபாவில் உட்கார்ந்தால் கைத்தாங்கல் இல்லாமல் அவரால் எழ முடிவதில்லை. பகலில் நாங்கள் வேலைக்குப் போய்விடுவோம். அப்பா மட்டுமே உடன் இருப்பார். பொத்தானை அழுத்தினால் முன்புறம் சாய்ந்து ஆளை எழுப்பிவிடும் மின் சாய்வு நாற்காலி ஒன்று வாங்க எண்ணுகிறோம். ஒற்றை மோட்டாருக்கும் இரட்டை மோட்டாருக்கும் விலையில் பெரிய வேறுபாடு இருக்கிறது. இணையத்தில் வெளிநாட்டு விற்பனையாளர்கள் இன்னும் மலிவாகத் தருகிறார்கள். எதை வாங்குவது?
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: தாயாரின் உயரத்தைக் குறிப்பிட்டு எழுதியதற்கு நன்றி. மோட்டார் எத்தனை என்பதைவிட அந்த எண்தான் உங்கள் கேள்விக்கு அதிகமாக விடை சொல்கிறது.

இந்த நாற்காலிகளில் பல, உயரமான உடல்வாகு உள்ளவர்களுக்காக வடிவமைக்கப்பட்டவை. அவற்றின் இருக்கை தரையிலிருந்து 48 முதல் 50 செண்டிமீட்டர் உயரத்தில் இருப்பது வழக்கம். தாயாரை வீட்டுச் செருப்புடன் ஒரு மர நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து பாருங்கள். அவருடைய உயரத்துக்கு அது பெரும்பாலும் 40 செண்டிமீட்டருக்குள்தான் இருக்கும். இருக்கை அதைவிட மிக உயர்ந்திருந்தால் கால்கள் தொங்கும், தொடையின் அடிப்பகுதி அழுந்தும். அதைவிடக் கவலைக்குரியது எழும் நேரம். நாற்காலி பின்புறமிருந்து உயர்ந்து முன்னோக்கிச் சாயும்போது, பாதங்கள் தரையில் முழுமையாகப் பதிந்து உடல் எடையைத் தாங்கத் தயாராக இல்லையென்றால், எழுப்பிவிட வேண்டிய நாற்காலியே அவரைச் சறுக்கிக் கீழே தள்ளிவிடக்கூடும். இருக்கையின் ஆழமும் இதே போல முக்கியமானது. முதுகு சாய்மானத்தில் முழுவதுமாகப் பட்ட நிலையில், முழங்காலின் பின்மடிப்புக்கும் இருக்கையின் விளிம்புக்கும் இடையே இரண்டு அல்லது மூன்று விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். எனவே கடையில் முதலில் கேட்க வேண்டியது, சிறிய உடல்வாகுக்கான அளவு அந்த மாதிரியில் உண்டா என்பதே.

தாயாரை நேரில் அழைத்துச் செல்லாமல் வாங்காதீர்கள். வீட்டில் அணியும் செருப்புடனும் ஊன்றும் கோலுடனும் போய், அவசரப்படாமல் இருபது நிமிடமாவது உட்காரட்டும். மூன்று நான்கு முறை தாமே பொத்தானை அழுத்தி எழுந்து அமரட்டும். விரல் மூட்டுகளிலும் வலி இருந்தால் சிறிய பொத்தான்கள் பெரும் தொல்லை. பொத்தானிலிருந்து விரலை எடுத்ததும் நாற்காலி அப்படியே நிற்க வேண்டும்.

இனி மோட்டார். ஒற்றை மோட்டாரில் முதுகுச் சாய்மானமும் கால்தாங்கியும் ஒன்றோடொன்று இணைந்தே இயங்கும். இரட்டை மோட்டாரில் இரண்டையும் தனித்தனியாக நகர்த்தலாம். பகலில் அமர்ந்து தொலைக்காட்சி பார்க்கவும் சாப்பிடவும்தான் என்றால் ஒற்றை மோட்டாரே போதும். மதியத் தூக்கமும் அதிலேதான் என்றால் இரட்டை மோட்டாருக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் பொருள் உண்டு. கால் வீக்கத்துக்கு அது மருந்தாகும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். வீக்கம் வடியக் கால்களை நெஞ்சின் மட்டத்துக்காவது உயர்த்த வேண்டும், சாதாரணச் சாய்வு நாற்காலிகள் பல அந்த அளவுக்கு உயர்த்துவதில்லை. வீக்கம் இருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். அளவு பொருந்தாத இரட்டை மோட்டாரைவிட, அளவு பொருந்திய ஒற்றை மோட்டார் உங்கள் தாயாருக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால், மோட்டாரே தேவைதானா என்பதையும் பார்த்துவிடுங்கள். சோபா தாழ்வாகவும் மெத்தென்றும் இருக்கும். அதிலிருந்து எழ முடியாதவர், உறுதியான இருக்கையும் கைப்பிடியும் உள்ள சற்று உயரமான நாற்காலியிலிருந்து தாமாகவே எழுந்துவிடுவது உண்டு. முழங்கால் தேய்மானத்துக்குத் தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி உண்மையிலேயே பயன் தரும். ஒவ்வொரு முறையும் இயந்திரமே எழுப்பிவிட்டால் அந்தத் தசைக்கு அன்றாடம் கிடைக்கும் சிறு உழைப்பும் போய்விடும். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் கேட்டு, பினாங்கு மருத்துவமனையின் உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் பெறுங்கள். கட்டிலிலிருந்தும் கழிப்பறையிலிருந்தும் அவர் எப்படி எழுகிறார் என்பதையும் அங்கே சொல்லுங்கள். அந்த இரண்டு இடங்களுக்கும் இந்த நாற்காலி உதவாது, பகலில் தனியாகத் தாங்கிப்பிடிக்கப் போகிறவர் உங்கள் அப்பா.

மலிவான இணைய விலையைப் பற்றி: நம் மலேசிய மின்சாரம் 230 முதல் 240 வோல்ட், மூன்று முள் பிளக். 120 வோல்ட் நாடுகளுக்காகச் செய்த அடாப்டர் இங்கே கருகிவிடும். அதன் மேல் 100–240 வோல்ட் என்றோ 230 அல்லது 240 வோல்ட் என்றோ அச்சிட்டிருக்கிறதா, பிளக்கில் தரச் சான்று தரும் சிரிம் (SIRIM) நிறுவனத்தின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சாய்ந்து படுத்திருக்கும்போது மின்சாரம் தடைப்பட்டால் தாயார் எழ முடியாமல் மாட்டிக்கொள்வார் என்பதால், பேட்டரி வசதி கட்டாயம் வேண்டும். அது எத்தனை முறை எழுப்பும் என்றும் கேளுங்கள், சில மாதிரிகளில் ஒரே முறைதான். மோட்டாரோ ரிமோட்டோ பழுதானால் யார் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள்? 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், நீங்கள் தெரிவித்த நோக்கத்துக்குப் பொருள் பொருந்த வேண்டும் என்றும், உதிரிப்பாகமும் பழுதுபார்ப்பும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே "148 செண்டிமீட்டர் உயரமுள்ள, முழங்கால் தேய்மானம் கொண்டவர் எழுவதற்கு" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். தகராறு வந்தால், திரிபியூனல் என்று சொல்லப்படும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை, மூன்று ஆண்டுகளுக்குள், வழக்கறிஞர் இல்லாமல் பதிவு செய்யலாம். உள்ளூரில் முகவரியே இல்லாத விற்பனையாளரிடம் இந்த உரிமையைக் காட்டிப் பணத்தைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். மலிவு விலையின் உண்மையான குறை அதுதான்.

செயற்கைத் தோல் உறை நம் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சில ஆண்டுகளில் உரியத் தொடங்கும். கழற்றித் துவைக்கக்கூடிய துணியுறை மேல். அடுக்குமாடி வீடென்றால் மின்தூக்கியின் கதவையும் வீட்டு வாசலையும் அளந்துவிடுங்கள்.

கேள்வி: தந்தைக்கு மறதி நோய். அவருக்கும் இதே நாற்காலியை வாங்கலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: அவரைத் தனியே விட்டுச் செல்லும் நேரமே இல்லையென்றால் மட்டும் வாங்கலாம். மறதி நோய் உள்ளவர்கள் ரிமோட் எதற்கு என்பது மறந்து, நாற்காலி உயர்ந்த நிலையிலேயே உட்கார முயன்று விழுந்துவிடக்கூடும். ரிமோட்டைப் பூட்டிவைக்கும் வசதி உள்ள மாதிரியைக் கேளுங்கள், அதை இயக்கும் பொறுப்பு பார்த்துக்கொள்பவரிடமே இருக்கட்டும். பேரப்பிள்ளைகள் வந்து போகும் வீடென்றால், நாற்காலியைக் கீழிறக்கும் முன் அடியில் குழந்தை தவழ்ந்து போயிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் குனிந்து பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள்.