குறட்டைக்குத் தாடை எலும்பை வெட்டலாமா?

கேள்வி: என் கணவருக்கு 42 வயது. யாழ்ப்பாணம் – கொழும்பு இரவு பஸ் ஓட்டுகிறார். மெலிந்த ஆள்தான், ஆனால் குறட்டை பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். இடையில் மூச்சே நின்றுவிடும், நான் தட்டி எழுப்புவேன். கொழும்பில் செய்த நித்திரைப் பரிசோதனையில் மணிக்கு 38 தடவை மூச்சுத் தடைப்படுகிறது என்று வந்தது. நித்திரையில் மாஸ்க்கால் காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சீபாப் மெசின் எடுத்தோம். நாலு நாள் போட்டார், இப்போது அது அலுமாரிக்கு மேல் கிடக்கிறது. தாடையை வெட்டி முன்னுக்குத் தள்ளும் ஒப்பரேசன் செய்தால் முழுக்கச் சுகமாகும் என்று கனடாவில் இருக்கும் என் அண்ணா சொல்கிறார். செய்யலாமா?
– வாசகி, சுன்னாகம்

பதில்: தங்கச்சி, ஒப்பரேசனைப் பற்றிப் பேச முன்னம் ஒன்று சொல்ல வேண்டும். சிகிச்சை பிடிபடும்வரை அவர் பஸ் ஓட்டக் கூடாது. வீட்டு வருமானம் என்னவாகும் என்று தெரிந்துதான் இதைச் சொல்கிறேன். மணிக்கு 30ஐத் தாண்டினாலே கடுமையான நிலை. 38 என்றால், ஒன்றரை நிமிடத்துக்கு ஒருக்கா 10 செக்கனாவது மூச்சு நிற்கிறது அல்லது நன்றாகக் குறைகிறது. ஒவ்வொரு தடவையும் மூளை திடுக்கிட்டு அரைகுறையாக விழிக்கிறது. எட்டு மணித்தியாலம் படுத்தாலும் அது நித்திரையில்லை. அந்தக் கண்ணோடு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஓட்டுகிறார், பின்னால் ஐம்பது பேர் நித்திரை.

அண்ணா சொன்னதில் உண்மை இருக்கிறது. உங்கள் கணவரை யன்னலோரம் இருத்திப் பக்கவாட்டில் பாருங்கள். நாடி, கீழுதட்டுக்கு நன்றாகப் பின்னால் உள்வாங்கி இருக்கிறதா? நாக்கு ஒட்டியிருப்பது நாடி எலும்பின் உட்பக்கத்தில்தான். தாடை சிறிதென்றால் நாக்குக்கு இடம் போதாது. மல்லாந்து படுத்ததும் அது பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துவிடும். குறட்டை பருத்த ஆட்களின் வருத்தம் என்று நாங்கள் நினைப்பதால், இப்படியான மெலிந்தவர்கள் வருசக்கணக்காகக் கவனிக்கப்படாமல் போகிறார்கள்.

அந்தச் சத்திரசிகிச்சையில் மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டையும் வாய்க்குள்ளாலேயே அறுத்து, ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் முன்னுக்குக் கொண்டுவந்து, ரைற்றேனியத் தகடும் ஆணியும் போட்டு இறுக்குவார்கள். எலும்போடு நாக்கும் அண்ணமும் சேர்ந்து வருவதால் தொண்டை நீளத்துக்கு வழி அகலும். இந்த வருத்தத்துக்கான ஒப்பரேசன்களில் இதற்குத்தான் நல்ல பலன். செய்துகொண்ட 100 பேரில் 85 பேரளவில் எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்து 20க்குக் கீழே வருகிறது. ஆனால் 5க்குக் கீழே இறங்கி, முழுக்கச் சுகம் என்று சொல்லக்கூடியவர்கள் 40 பேரளவில்தான். அண்ணாவின் 'முழுக்க' என்ற சொல்லை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

சிரமமும் சின்னதில்லை. சிலருக்கு முதலில் பல்லுக்குக் கம்பி போட்டு மாதக்கணக்கில் ஒழுங்குபடுத்த வேண்டியிருக்கும். ஒப்பரேசனுக்குப் பிறகு சில கிழமை கஞ்சியும் சூப்பும்தான். ஒடியல் கூழென்றாலும் மீனும் நண்டும் இல்லாமல் வடித்துத்தான் குடிக்க வேண்டும். கீழுதடும் நாடியும் விறைத்துப்போகும், குடித்த தேத்தண்ணி நாடியால் வழிவதுகூடத் தெரியாது. பலருக்கு மாதங்களில் உணர்வு திரும்பும், சிலருக்குக் கொஞ்ச விறைப்பு நிலைத்துவிடும். முகத்தின் அமைப்பும் மாறும்.

அதனால்தான் அலுமாரிக்கு மேலிருக்கும் மெசினை முதலில் கீழே இறக்கச் சொல்கிறேன். நாலு இரவு ஒரு பரீட்சையே இல்லை. மூக்குத்தண்டில் சிவந்த தழும்பு விழுந்ததா? மாஸ்க் அளவு பிழை. விடிய வாய் காய்ந்து ஒட்டுகிறதா? வாயால் காற்றுப் போகிறது, வாயையும் மூடும் மாஸ்க்கும் ஈரப்பதன் கொடுக்கும் பகுதியும் தேவைப்படலாம். பகலில் ரீவி பார்க்கும்போது அரை மணித்தியாலம் போட்டுப் பழகட்டும். சில கிழமை ஒழுங்காக முயன்றும் சரிவராவிட்டால், கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்துப் பிடிக்கும் பல்கருவி ஒன்று உண்டு. கடும் நிலையில் அதன் பலன் குறைவு, என்றாலும் மெசினே முடியாதவருக்கு ஒன்றுமில்லாததை விட மேல்.

இத்தனையும் பார்த்தும் முடியவில்லை, நாடியும் உள்வாங்கித்தான் இருக்கிறது என்றால், சத்திரசிகிச்சையைப் பற்றி நானே உற்சாகமாகப் பேசுவேன். அவருக்கு வயதும் உடம்பும் ஒத்துழைக்கும். யாழ் போதனா வைத்தியசாலையின் காது மூக்கு தொண்டை கிளினிக்கில் காட்டி, முகத்தாடைச் சத்திரசிகிச்சை நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். தொண்டை எந்த இடத்தில் அடைபடுகிறது என்று கமராவாலும் பக்கவாட்டு எக்ஸ்றேயாலும் பார்த்த பிறகுதான் வெட்டுவதா என்று முடிவெடுப்பார்கள். பிறசரையும் அன்றைக்கே பாருங்கள், இந்த வருத்தத்தோடு அது கூடித் திரியும்.

பரிசோதனை றிப்போட்டையும் மெசினையும் கையோடு கொண்டுபோங்கள். அவர் நித்திரையில் மூச்சு நின்று திணறுவதைப் போனில் பத்து நிமிடம் எடுத்து வையுங்கள். நீங்களும் கட்டாயம் கூடப் போக வேண்டும். அவரைத் தனியே விட்டால் "எனக்கு ஒன்றுமில்லை டொக்டர்" என்று சொல்லிவிட்டு, பின்னேரம் பஸ்ஸில் ஏறிவிடுவார்.